கோப்புக்கும் உண்டு கைரேகை

கோலார் தங்கவயலில் 1930இல் பெரிய வேலைநிறுத்தம் ஒன்று நடந்தது. தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் புதிய ஏற்பாட்டை அவர்கள் ஏற்கவில்லை. நிர்வாகம் அதை விரும்பியதற்குக் காரணம் எளிது: பெயரை மாற்றிச் சொல்லலாம், ரேகையை மாற்ற முடியாது. இன்று கணினிக் கோப்புகளுக்கும் அப்படியொரு ரேகை எடுக்கிறார்கள். அதன் பெயர் ஹேஷ்.

தங்கவயலில் ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கால் வைத்தது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது வரை, மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் என ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மஸ்டர் எனும் வருகைப் பதிவேடு, சம்பளக் கணக்கு, விபத்துப் பதிவேடு, சுரங்க வரைபடம் என்று காகிதம் சேர்ந்துகொண்டே இருந்தது. இவற்றில் ஒரு விபத்துப் பதிவேட்டை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டு கழித்துத் திறக்கிறவர், இது அன்று ஏற்றிய அதே கோப்புதான் என்று எப்படி நம்புவார்?

கணினியைப் பொறுத்தவரை எந்தக் கோப்பும் வெறும் எண்களின் வரிசை. எஸ்எச்ஏ-256 என்ற கணக்குமுறை அந்த எண்கள் அனைத்தையும் கலக்கிப் பிசைந்து, 64 எழுத்துகளில் எழுதக்கூடிய ஒரே குறியீட்டைத் தருகிறது. கோப்பு மாறாதவரை குறியீடும் மாறாது. படத்தில் 8 என்றிருப்பதை யாராவது 3 ஆகத் திருத்தினால், குறியீடு அடையாளம் தெரியாமல் மாறிவிடும். குறியீட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கோப்பை வரவழைக்கவும் முடியாது.

இந்த முறைகளுக்கும் வயதாகும். எம்டி5 முறையில், வேறுவேறு கோப்புகளுக்கு ஒரே குறியீடு வரச் செய்யலாம் என்று 2004இல் காட்டினார்கள். எஸ்எச்ஏ-1 முறையும் 2017இல் அப்படியே விழுந்தது. ஆகவே ஆவணக் காப்பகம் அவ்வப்போது புதிய முறைக்கு மாற வேண்டும். குறியீட்டைக் கோப்பின் பக்கத்திலேயே வைப்பதிலும் பயனில்லை. கோப்பைத் திருத்துகிறவர் அதையும் திருத்திவிடுவார். வேறிடத்தில் பிரதி, மின்னணுக் கையொப்பம், யார் எப்போது தொட்டார் என்ற குறிப்பு ஆகியவையும் சேர்ந்தே பாதுகாப்பு தருகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டமும், மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது.

இவ்வளவும் ஒரு கேள்விக்குத்தான் பதில்: ஆவணம் மாறாமல் இருக்கிறதா? அதில் எழுதியிருப்பது உண்மையா என்பது வேறு கேள்வி. காப்பகத் துறையினர் முன்னதை மெய்த்தன்மை என்றும், பின்னதை நம்பகத்தன்மை என்றும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

தங்கவயலில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ், 1947இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளரில் ஐந்தில் இருவருக்கு மேல் காணப்பட்டது. இந்நோயைக் காசநோய் என்று தவறாகக் கணிப்பது எளிது. ஒருவரின் மருத்துவக் குறிப்பில் காசநோய் என்றே எழுதப்பட்டிருந்தால், ஹேஷ் அந்தப் பிழையையும் எழுத்துப் பிசகாமல் காக்கும். அவர் எத்தனை ஆண்டு சுரங்கத்தின் அடியில் துளையிட்டார் என்று மஸ்டரில் தேடினால்தான் சந்தேகமே எழும். மார்பு எக்ஸ்ரே, நஷ்டஈட்டு மனு, பழைய தொழிலாளரின் வாய்மொழி ஆகியவற்றோடு ஒப்பிட்டால்தான் உண்மை நெருங்கி வரும்.

ஸ்கேன் எடுத்துவிட்டோமே என்று மூலக் காகிதத்தை எடைக்குப் போடக்கூடாது என்பதும் இதனால்தான். அடித்துத் திருத்தியது எந்த மையில், பக்கம் பிற்பாடு ஒட்டப்பட்டதா, தையல் பிரிக்கப்பட்டதா என்பதையெல்லாம் காகிதம்தான் முழுமையாகச் சொல்லும். ஹேஷின் சாட்சியம் ஸ்கேன் எடுத்த நொடியில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நூறாண்டை மனிதர்கள்தான் விசாரிக்க வேண்டும்.