முக்குளிப்பவருக்கு நோட்டுப் புத்தகம் தேவையா?

பால் கணக்கை நோட்டில் எழுதும் வழக்கம் நம் வீடுகளில் குறைந்துவிட்டது. அந்தமானில் ஸ்கூபா பயிற்சி முடித்து, சான்று அட்டையோடு திரும்பும் நம் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள்: "கையில் கட்டும் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பதிந்துகொள்கிறதே, நோட்டு எதற்கு?" கேள்வி நியாயமானது. பதிலைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பயிற்சியாளரின் கையைப் பிடித்தபடி அரைமணி நேரம் மீன் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பயணிக்கு நோட்டு அவசியமில்லை. சான்று பெற்று, துணையோடு மீண்டும் மீண்டும் இறங்குபவர்களுக்கே இக்கேள்வி.

கம்ப்யூட்டர் செய்வது

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் அதிகமாகக் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழிகளாகும். மூட்டுவலி, மரத்துப்போதல், சில சமயம் கைகால் செயலிழப்பு வரை கொண்டுபோகும். இதைத் தவிர்க்க 1908இல் ஹால்டேனும் அவர் சகாக்களும் அட்டவணைகள் வெளியிட்டனர். அட்டவணை பார்த்து இறங்கிய காலத்தில், முதல் முறை இறங்கிய ஆழத்தையும் நேரத்தையும் எழுதி வைத்தால்தான் அடுத்த முறைக்குக் கணக்குப் போட முடியும். இந்த வேலையை இன்று கம்ப்யூட்டர் நம்மைவிட நன்றாகவே செய்கிறது. மறுப்பதற்கில்லை.

அது எழுதாதவை

இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்டினோம், என்ன உடை அணிந்தோம், நீரோட்டம் எப்படி இருந்தது, காது வலித்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து இறங்கும்போது ஈயம் குறைந்தால் கீழே போக முடியாது. கூடினால் தடுமாறி, காற்றையும் வீணாக்குவோம். பழைய பக்கத்தைப் புரட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

காற்றுக் கணக்கும் அப்படியே. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பாரில் தொடங்கி 50 பாரில் முடித்தால், செலவு 1800 லிட்டர். சராசரி 10 மீட்டர் ஆழத்தில் 45 நிமிடம் இருந்திருந்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர். அங்கே அழுத்தம் இரு மடங்கு என்பதால் தரைக் கணக்கில் 20 லிட்டர். அதே காற்று 20 மீட்டரில் 30 நிமிடமே வரும். நாலைந்து பக்கம் எழுதினால் அவரவர் காற்றுச் செலவு அவரவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று: விடுமுறைக்குச் செல்வோர் பலர் கம்ப்யூட்டரை வாடகைக்கே எடுக்கிறார்கள். திருப்பிக் கொடுத்ததும் பதிவும் அதோடு போய்விடும்.

விமானம் ஏறும் முன்

உயரத்தில் விமானத்தினுள் அழுத்தம் குறைவு. ஆகவே ஒருமுறை மட்டும் இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறையோ பல நாட்களோ இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்று முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான 'டான்' அறிவுறுத்துகிறது. ஸ்வராஜ் தீவில் (முன்பு ஹேவ்லாக்) மாலையில் இறங்கிவிட்டு மறுநாள் காலை சென்னை விமானம் ஏறுவது எவ்வளவு தவறு என்பது, கடைசியாகக் கரையேறிய நேரத்தை எழுதி வைத்தவருக்கு உடனே புரியும். ஊர் திரும்பியபின் தோள் வலித்தாலும், டாக்டர் முதலில் கேட்பது எத்தனை முறை, எவ்வளவு ஆழம், எப்போது என்பதைத்தான். வலியோடு படுத்திருப்பவர் ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட, வீட்டார் எடுத்து நீட்டும் ஒரு பக்கம் மேல்.

உண்மையை எழுதுங்கள்

புதிய இடத்துக்குப் போனால் அங்குள்ள வழிகாட்டி நோட்டைப் பார்த்தே எந்த ஆழத்துக்கு அழைத்துச் செல்வது என்று முடிவு செய்யலாம். 'பாடி' அமைப்பின் டைவ்மாஸ்டர் பயிற்சியில் சேர 40, முடிக்க 60 முறை இறங்கிய பதிவு வேண்டும். அதற்காக எண்ணிக்கையை ஏற்றி எழுதுவது நம் உயிரோடும் துணைவர் உயிரோடும் விளையாடுவதாகும்.

அன்று மாலையே, துணைவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆழத்தையும் நேரத்தையும் கம்ப்யூட்டரைப் பார்த்து எழுதலாம். பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். பிள்ளைக்கு முகமூடியும் துடுப்புக் காலணியும் வாங்கித் தரும் பெற்றோர், கூடவே ஒரு நோட்டும் வாங்கித் தரட்டும்.