கிருமியின் சொற்றேர்வு

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்று செவிகொடுத்தால் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எனப் பல மொழிகள் காதில் விழும். சுக்கு மண்டியில் அமர்ந்திருக்கும் வணிகர், வருகின்றவர் எம்மொழியினர் என்பதை அறிந்து, அவருக்கு எளிதில் விளங்கும் சொல்லையே எடுத்தாளுகிறார். பொருள் ஒன்றே, சொல் மட்டும் ஆளுக்கேற்ப மாறுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கும் இது புதிதன்று. 'ஆணை' என்பதா, 'உத்தரவு' என்பதா என்று நாள்தோறும் எண்ணிப் பார்க்கிறோம். கண்ணுக்குப் புலனாகாத வைரஸ்களிடத்தும் இத்தகைய சொற்றேர்வு உண்டு. அதனையே இன்று ஆராயப் புகுகிறோம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. எதனை அடுத்து எது வரவேண்டும் என்பதை ஆர்.என்.ஏ. என்னும் ஏடு கூறுகிறது. அவ்வேட்டில் ஏ, யு, ஜி, சி என நான்கே எழுத்துக்கள். மூன்றெழுத்துச் சேர்ந்தது ஒரு சொல். அதற்குக் கோடான் என்று பெயர். கோடான்கள் மொத்தம் 64. அவற்றுள் மூன்று முற்றுப்புள்ளிகள். எஞ்சிய 61 கோடான்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. ஆகவே லூசின் என்னும் அமிலத்துக்கு ஆறு சொற்கள்; மெத்தியோனினுக்கோ ஒன்றே ஒன்று. இக்குறியீட்டை விளக்கிய பணிக்காகப் பஞ்சாபில் பிறந்த ஹர்கோவிந்த் கொரானா, நிரன்பர்க், ஹோலி ஆகியோருடன் 1968இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு பொருட்குப் பல சொற்கள் இருப்பினும், உயிர்கள் அவற்றைச் சமமாக வழங்குவதில்லை. இதுவே கோடான் வழக்கின் ஒருசார்பு. காரணங்கள் பல. படியெடுக்கையில் நேரும் பிழைகளே ஒருபுறம் சாய்ந்து விழலாம். அமிலங்களைச் சுமந்து வரும் மூலக்கூறுகளுள் எவை மிகுதியோ, அவற்றுக்குரிய சொற்கள் விரைவில் வாசிக்கப்படலாம். மேலும், நம் உடலின் ஆர்.என்.ஏ.யில் சியை அடுத்து ஜி வருவது அரிது. அச்சேர்க்கை மிகுந்த ஏட்டை அயலாருடையதென அடையாளங்கண்டு சிதைக்கும் காவற்புரதம் ஒன்றும் நம் உயிரணுக்களில் உண்டு.

வைரஸுக்குப் புரதம் செய்யும் பட்டறை சொந்தமாக இல்லை. புகுந்த வீட்டின் பட்டறையையே அது நம்ப வேண்டும். சிக்குன்குனியா வைரஸுக்கோ இரண்டு வீடுகள்: ஒன்று கொசு, மற்றொன்று மனிதன். இரண்டிடத்தும் செல்லுபடியாகும் நடை அதற்குத் தேவை. ஏறத்தாழ 11,800 எழுத்துக்கள் கொண்ட அதன் ஏட்டைப் படியெடுக்கும் நொதி, எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்துவதில்லை. எனவே பிழைகள் மிகுதி. மூன்றாம் எழுத்து மாறினால் பெரும்பாலும் பொருள் மாறாது. நடுவெழுத்து மாறினால் பொருளே மாறும்.

அப்படி மாறியதன் விளைவைக் கேரளம் கண்டது. 1952இல் தாங்கனீக்காவில் கண்டறியப்பட்ட இந்நோய், 1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பரவியது. நெடுநாள் அடங்கியிருந்து 2005இல் இந்தியாவிற்கு மீண்டது. 2006இல் ஆலப்புழையைத் தாக்கியது. 2007இல் மத்திய கேரளத்தின் மலைச்சாரல் மாவட்டங்களில் மேலும் கடுமையாகப் பரவியது. அங்கு ரப்பர்ப் பால் வடிக்கும் சிரட்டைகளில் தேங்கிய மழைநீரில் ஆசியப் புலிக்கொசு பெருகியிருந்தது. புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் வைரஸின் ஏட்டைப் படித்தபோது, அதன் மேலுறைப் புரதம் ஒன்றில் 226ஆம் இடத்திலிருந்த அலனின் வேலினாக மாறியிருக்கக் கண்டனர். ஜி-சி-ஜி என்றிருந்த சொல்லின் நடுவெழுத்து மாறி ஜி-யு-ஜி ஆயிற்று, அவ்வளவே. அம்மாற்றமுற்ற வைரஸ் புலிக்கொசுவின் உடலில் முன்னினும் எளிதில் தொற்றும் என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2007இலேயே காட்டியிருந்தனர். ரீயூனியன் தீவில் முன்னரே தோன்றிய அதே மாற்றம் இங்குத் தனியே தோன்றியது என்பது வியப்புக்குரியது.

சுமை தூக்கிப் பிழைப்பவருக்குப் பல வாரம் நீடிக்கும் மூட்டுவலி என்பது வெறும் வலியன்று. அடுப்பு எரியாத நாட்களாகும். ஓரெழுத்தின் விலை அத்துணை.

எனினும் இவ்வறிவு நமக்குக் கருவியுமாகும். 2006இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் எக்கார்ட் விம்மர் குழுவினர், போலியோ வைரஸின் புரதத்தில் ஓர் அமிலத்தையும் மாற்றாமல், வழக்கமான கோடான்களுக்குப் பதில் அரிய கோடான்களை நிரப்பினர். பொருள் மாறவில்லை, வைரஸ் மட்டும் மெலிந்தது. மெலிந்த வைரஸே தடுப்பு மருந்துக்கு வித்து. நடை கடினமானால் வாசிப்பவர் தடுமாறுவார் என்பது நாம் அறிந்ததுதானே!

கிருமி தன் எழுத்தை மாற்றுவதை நம்மால் தடுக்க இயலாது. அது படியெடுக்கும் வாய்ப்புக்களைக் குறைக்க இயலும். ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு கொசுவும் அதற்குப் புதிய ஏடு. வாரம் ஒருமுறை சிரட்டையையும், பழைய டயரையும், மாடியில் கிடக்கும் பாத்திரத்தையும் கவிழ்த்து வைப்போமாயின், அவ்வேடுகளில் பல எழுதப்படாமலே போகும்.