எஞ்சின் சொல்லும் கணக்கு – 9: நிற்கையில் ஒன்று, ஓடுகையில் ஒன்று

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை நம் வாசகர்கள் பலர் கண்ணால் கண்டிருப்பார்கள். காபரேட்டரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நின்ற இடத்தில் எஞ்சின் ஒழுங்காகத்தான் இயங்கும். ஆட்களை ஏற்றி மிதிக்கும்போதுதான் நொக்கிங் கேட்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு. பொறி மூட்டிய தீ பரவி முடியுமுன் மிச்சக் கலவை தானாக வெடித்துவிடும். மெக்கானிக் டிஸ்ரிபியூட்டரை மயிரிழை திருப்பிப் பொறியைப் பிந்தவைத்து, திரும்பவும் ஓட்டிக் காது கொடுப்பார்.

இன்று அந்தக் காது எஞ்சின் உடலில் திருகப்பட்ட நொக் சென்சர். அதிர்வு கேட்டதும் கணினி பொறியைச் சில பாகை பிந்தவைக்கும். எப்போது பொறி, எவ்வளவு எரிபொருள் என்று கணினிக்குச் சொல்லும் அட்டவணைதான் ‘மாப்’. புதிய மாப் ஏற்றும் இளைஞர்கள் பழையதையும் புதியதையும் கராஜ் முற்றத்தில் நிறுத்தி வைத்தே ஒப்பிடுகிறார்கள். அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். எஞ்சினுக்குப் பாரமே இல்லையே!

வீதியில் ஓட்டித்தான் ஒப்பிட வேண்டும். முருங்கனிலிருந்து சிலாவத்துறைக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்வோம். மேடு பள்ளம் அதிகமில்லாத நிலம், ஒப்பிடுவதற்கு நல்லது. ஆனால் சோளகம் பெயர்ந்துவிட்டால் போகையில் காற்று முகத்தில், வருகையில் முதுகில். எதிர்காற்றில் வேகம் மெல்ல ஏறுவதால் எஞ்சின் கூடுதல் நேரம் பாரத்தில் நிற்கும். நொக்கிங்குக்கும் இடம் கூடும். ஆகவே இரண்டு மாப்பையும் இரு திசையிலும் ஓட்ட வேண்டும். அதே கியர், அதே மிதி, ஒரே தாங்கிப் பெற்றோல். 92 ஒக்டேனில் ஒன்றையும் 95இல் மற்றதையும் பார்த்தால் அது மாப்பின் கணக்கல்ல. காலையில் ஒன்று, உச்சி வெயிலில் ஒன்று என்றாலும் பிழைதான். உள்ளே வரும் காற்று சூடேறினால் கணினி தானாகவே பொறியைப் பிந்தவைக்கும். புதிய மாப் ஏற்றிய உடன் எடுத்த அளவையும் நம்ப வேண்டாம். எரிபொருள் திருத்தம் பற்றிக் கற்றுவைத்ததைக் கணினி பெரும்பாலும் மறந்திருக்கும். கொஞ்சத் தூரம் ஓடவிடுங்கள்.

ஓடும் வண்டியில் அளந்ததால்தான் உலகத்தின் மிகப்பெரிய மாப் மோசடியும் பிடிபட்டது. மேற்கு வேர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு, அதில் அரவிந்த் திருவேங்கடமும் ஒருவர், வொக்ஸ்வாகன் டீசல் கார்களின் பின்புறம் கருவி பூட்டி அமெரிக்க வீதிகளில் ஓட்டியது. சோதனைக்கூடத்தில் சுத்தமாக இருந்த ஜெற்றா, வீதியில் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நைதரசன் ஒட்சைட்டைக் கக்கியது. 2014இல் அறிக்கை வந்தது. 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் குற்றம் சாட்டியது. உலகமெங்கும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்கள். ஸ்ரியரிங் அசைகிறதா, வேகம் எப்படி மாறுகிறது என்றெல்லாம் பார்த்துத் தான் சோதனையில் நிற்பதைக் கண்டுகொண்ட அந்தக் கணினி, சோதனைக்கு ஒரு மாப்பும் வீதிக்கு இன்னொன்றும் வைத்திருந்தது.