அண்ணாச்சி காத்திருக்கிறார்: அடுத்த ஜேம்ஸ்பாண்ட் எப்படி வரவேண்டும்?

ஜேம்ஸ்பாண்ட் செத்துவிட்டார் என்று சொன்னால் அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிடும். "நீ பாத்தியா?" என்று கேட்பார். பார்த்தேன். அவரும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார்.

2021-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அது. கொரோனாவால் ஒன்றரை வருடம் தள்ளிப்போன 'நோ டைம் டு டை' படம் மற்ற மாநிலங்களில் செப்டம்பர் 30-ந் தேதியே வந்துவிட்டது. மராட்டியத்தில் தியேட்டர் திறக்க அக்டோபர் 22 ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அண்ணாச்சி ஊரில் இருக்கும் தம்பி மகனுக்குப் போன் போட்டு, "கதையைச் சொல்லிடாதலே" என்று எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

கடைசிக் காட்சியில் தீவின் மேல் ஏவுகணைகள் வந்து விழுந்தன. பாண்ட் நின்ற இடத்திலேயே மறைந்து போனார். ஜனங்கள் எழுந்து வாசலுக்கு நடந்தார்கள். அண்ணாச்சி மட்டும் அசையவில்லை. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, பாண்ட் மறுபடி வருவார் என்ற வழக்கமான அறிவிப்பு திரையில் தெரிந்தது. "பாத்தியா தம்பி, வருவானாம்" என்றார். அப்புறம்தான் எழுந்தார்.

அன்று முதல் காத்திருக்கிறார்.

அண்ணாச்சி ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. சயான் கோலிவாடா பக்கம் குடியிருக்கிறார். "பேரைப் போட்டுடாதப்பா, பேரன் பேத்தி சிரிப்பாங்க" என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

அவருக்கு முதலில் அறிமுகமான துப்பறிவாளர் வெள்ளைக்காரர் அல்ல, நம் ஜெய்சங்கர்தான். 1966-ல் வந்த 'வல்லவன் ஒருவன்' படத்தைப் பள்ளிக்கூடப் பையனாகப் பார்த்தாராம். இவரைத் தென்னாட்டு ஜேம்ஸ்பாண்ட் என்கிறார்களே, அப்படியானால் வடக்கே இருக்கும் அசல் ஜேம்ஸ்பாண்ட் யார் என்ற சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. இருபது வயதில் பம்பாய்க்கு ரயிலேறியவர், முதல் மாதச் சம்பளத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு, மிச்சக் காசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்னிங் ஷோவுக்குப் போனார். ஆங்கிலம் தெரியாது. "இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. தெரியாத பாஷையிலேயே புழங்குறவனுக்கு இங்கிலீசு மட்டும் என்ன இடிக்குது?" என்று சிரிக்கிறார். தமிழ்ப் படம் பார்க்க மாதுங்கா அரோரா, பாண்ட் படத்துக்குக் கோட்டைப் பகுதித் தியேட்டர்கள் என்று காலம் ஓடியது.

ரயில் பெட்டிச் சண்டை

அன்று அவர் பார்த்த படம் 1963-ல் எடுக்கப்பட்ட 'பிரம் ரஷ்யா வித் லவ்'. ஷான் கானரி நடித்த இரண்டாவது பாண்ட் படம். முதல் படமான 'டாக்டர் நோ' அதற்கு முந்திய வருடம் ஏறக்குறைய பத்து லட்சம் டாலரில் தயாரானது. இரண்டாவது படத்தில் ஓரியண்ட் எக்ஸ்பிரசில் ஒரு சண்டை வருகிறது. கொலை செய்ய வந்தவன் கனவான் வேடத்தில் பாண்டுடன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறான். கனவான்கள் அப்படிச் சாப்பிடுவதில்லை என்பது பாண்டுக்குப் பின்னால்தான் உறைக்கிறது. பிறகு அந்தச் சின்னப் பெட்டிக்குள், விளக்கு உடைந்த அரை இருட்டில், இரண்டு ஆட்கள் மூச்சுமுட்ட அடித்துக்கொள்கிறார்கள். பாண்டிடம் இருப்பது ஒரு கைப்பெட்டி. அதைத் தெரியாமல் திறந்தால் கண்ணீர்ப்புகை வரும்.

ரயில்வேக்காரர்களுக்கு அந்தக் காட்சி தனியாகப் பிடிக்கும். கையை வீசினால் பலகையில் இடிக்கும், காலை நீட்டினால் கதவு. அந்த இட நெருக்கடி நமக்குத் தெரிந்தது. அண்ணாச்சியின் முதல் ஆசை இதுதான்: அடுத்த படத்தில் அப்படி ஒரு சண்டை வேண்டும். உலகம் அழியப்போகிறது என்று ஒவ்வொரு தடவையும் பயமுறுத்த வேண்டாம். "ஒரு பொட்டி, ரெண்டு ஆளு. போதும்."

இது நடக்காத ஆசை என்று சொல்ல முடியாது. இந்தப் படங்கள் ஊதிப் பெருத்துப் போன ஒவ்வொரு தடவையும் மறுபடி தரைக்கு இறங்கி வந்திருக்கின்றன. 1979-ல் 'மூன்ரேக்கர்' படத்தில் ரோஜர் மூர் ஆகாயத்துக்கே போய்விட்டார். அடுத்து 1981-ல் வந்த படத்தில் மலைப்பாறையில் கயிறு கட்டி ஏறினார். 2002-ல் கண்ணுக்குத் தெரியாத கார் ஓட்டினார்கள். தியேட்டரில் சிரித்தார்கள். அடுத்த படம், 2006-ம் ஆண்டு 'கேசினோ ராயல்'. சீட்டாட்ட மேஜையிலேயே நெஞ்சு படபடக்க வைத்தார்கள். டேனியல் கிரெய்கிடம் அடிபட்டால் வலிப்பது தெரிந்தது. என்னைக் கேட்டால் மொத்தம் 25 படங்களில் அதுதான் முதலிடம். அண்ணாச்சி ஒப்புக்கொள்ளமாட்டார். கிரெய்க் சிரிக்கவே இல்லை என்பது அவர் புகார். மூர் சட்டை கசங்காமல் சண்டை போடுவார், அதுதான் பாண்ட் என்பார். இந்தத் தகராறு எங்களுக்குள் தீராது.

நம்ம ஊர் ஆள்

1983-ல் வந்த 'ஆக்டோபஸி' பற்றிப் பேச்செடுத்தால் அண்ணாச்சிக்குப் பெருமையும் எரிச்சலும் சேர்ந்தே வரும். உதயப்பூரில் எடுத்த படம். சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டுக்குத் துணையாக வருகிறார். ஆட்டோ ரிக்ஷா ஓட்டுகிறார், துரத்துகிறவர்களை டென்னிஸ் மட்டையால் அடிக்கிறார். நம் ஆள் திரையில் தோன்றியதும் விசில் அடித்தவர்களில் அண்ணாச்சியும் ஒருவர். ஆனால் பாதிப் படத்திலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். இந்தியா என்றால் பாம்பாட்டி, ஆணிப் படுக்கைச் சாமியார், தீ மிதிக்கிறவர் என்று திருவிழாக் கடை மாதிரி வரிசையாகக் காட்டினார்கள். அமிர்தராஜுக்கே மகுடி கொடுத்துப் பாம்புக் கூடையோடு உட்கார வைத்தார்கள்.

இதைவிட அவருக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 'ஸ்கைபால்' படத்தின் ஆரம்ப ரயில் சண்டையை இந்தியாவில் எடுக்க 2011-ல் பேச்சு நடந்தது. கூரை மேல் பயணிகள் உட்கார்ந்திருப்பது போல் காட்டக்கூடாது என்று ரயில்வே நிபந்தனை போட்டது. நியாயமான நிபந்தனைதான். முடிவில் படக் கம்பெனி துருக்கிக்குப் போய்விட்டது. 2012-ல் படம் வந்தபோது, அந்த ரயிலில் பாண்ட் ஓடுவதை அண்ணாச்சி நிம்மதியாகப் பார்க்கவே இல்லை. நம் தண்டவாளம், நம் கார்டு, நம் சிக்னல் என்று மனதுக்குள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வருகிறவர்கள் அடுத்த தடவையாவது இங்கே வரட்டும். பாம்பாட்டி வேண்டாம். சாயங்காலம் ஆறரை மணி லோக்கலில் ஏறி பாண்ட் ஒருவனைத் துரத்தட்டும், முடிந்தால் பிடிக்கட்டும் என்கிறார்.

கை மாறிய கம்பெனி

ஆனால் இப்போது ஆசையை யாரிடம் சொல்வது என்பதே மாறிவிட்டது. ஆரம்பத்தில் ஆல்பர்ட் பிராக்கோலி, ஹாரி சால்ட்ஸ்மேன் என்ற இருவர் சேர்ந்து எடுத்த படங்கள் இவை. பிறகு பிராக்கோலியின் மகள் பார்பராவும் வளர்ப்பு மகன் மைக்கேல் வில்சனும் பார்த்துக்கொண்டார்கள். நடிகர் யார், கதை என்ன என்பதை அறுபது வருடத்துக்கு மேல் அந்த ஒரு குடும்பம்தான் முடிவு செய்தது. 2022-ல் அமேசான் கம்பெனி 845 கோடி டாலருக்கு எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கியது. 2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களை எப்படி எடுப்பது என்ற அதிகாரமும் அமேசானிடம் போயிற்று. குடும்பத்தாருக்குச் சொத்தில் பங்கு உண்டு, சமையலறைச் சாவி இல்லை.

அமேசான் வீட்டுக்குள் படம் அனுப்புகிற கம்பெனியும் அல்லவா? பாண்டை வைத்துத் தொடர், கிளைக்கதை, வில்லனுக்குத் தனிக்கதை என்று இழுத்துவிடுவார்களோ என்பதுதான் அண்ணாச்சியின் பயம். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர் படுத்திருந்த காலத்தில், இரண்டு மணி நேரம் யார் காலும் மேலே படாமல் உட்கார அவருக்குக் கிடைத்த இடம் தியேட்டர். "அந்த ரெண்டு மணி நேரம் எனக்குன்னு ஒரு நாற்காலி இருந்துச்சு தம்பி. அதைப் போயி செல்போன்ல பாக்கச் சொன்னா எப்படி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2025 ஜூனில் டெனி வில்நோவ் டைரக்டர் என்று அறிவிப்பு வந்தது. சின்ன வயதில் அப்பாவோடு பாண்ட் படங்கள் பார்த்து வளர்ந்தவன் என்று அவர் சொல்லியிருப்பதைப் படித்துக் காட்டினேன். அண்ணாச்சி முகம் மலர்ந்தது. கதை எழுத ஸ்டீவன் நைட் அதற்கப்புறம்தான் அமர்த்தப்பட்டார். பாண்டாக நடிப்பவர் யார் என்று சொல்லாமலே இரண்டு நியமனமும் நடந்தது. கதையே அப்போதுதான் தொடங்கியது என்றால் படம் திரைக்கு வர எத்தனை காலம் ஆகும் என்று அண்ணாச்சி விரல் விட்டு எண்ணினார். 1989-க்கும் 1995-க்கும் நடுவில் வழக்கு வம்பில் ஆறு வருடம் படமே வராமல் இருந்ததையும் அவர் கடந்திருக்கிறார். "அப்ப வயசு இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு அவரே சமாளித்துக்கொண்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். படம் வருகிற அன்று நான் இரவு டியூட்டி மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். பகல் காட்சிக்கு இரண்டு டிக்கெட். முழங்கால் வலி இருப்பதால் மாடிப்படி இல்லாத தியேட்டர், ஓரத்து சீட்.

மூத்த பேரன் தனக்கும் ஒரு டிக்கெட் என்றான். "நீ சிரிக்காம பாப்பியாலே?" என்று கேட்டார் அண்ணாச்சி.