ஒரு செல்லோவின் ஒலிக்குள் என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டர் இசை என்றதும் நம்மில் பலருக்கு ஒரு சந்தேகம் எழும். வாசிக்கத் தெரியாதவர்கள் பொத்தானைத் தட்டி ஒப்பேற்றுகிற வேலைதானே அது? இப்படிக் கேட்கும் நண்பர்களிடம் நான் ஃபின்லாந்தின் இசையமைப்பாளர் கையா சாரியாஹோவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். ஒரு டம்ளர் டீக்குள் முடிகிற பேச்சு இல்லை, இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

1952-ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். சின்ன வயதில் இரவு படுத்தால் தலைக்குள் இசை கேட்குமாம். அது தலையணையிலிருந்து வருகிறது என்று நினைத்து, நிறுத்தச் சொல்லி அம்மாவைக் கேட்டிருக்கிறார். பிறகு சிபெலியஸ் அகாடமியில் பாவோ ஹைனினெனிடம் இசையமைப்பு படித்தார். இசையமைப்பாளர்கள் மாக்னுஸ் லிண்ட்பெர்க், எசா-பெக்கா சலோனென் எல்லாம் அந்தக் காலத்துத் தோழர்கள். அடுத்து ஜெர்மனியின் ஃப்ரைபுர்க். அங்கே சொல்லிக்கொடுத்த, கணக்கு மிகுந்த இசை அவருக்கு ஒட்டவில்லை. தாளில் எத்தனை நுட்பம் இருந்தாலும் காதில் விழாவிட்டால் என்ன பயன் என்பது அவர் கேள்வி. 1980-ல் டார்ம்ஷ்டாட்டில் பிரெஞ்சுக்காரர்களான கிரிஸே, முராய் இருவரின் இசையைக் கேட்டபோதுதான் வழி தெரிந்தது.

அவர்கள் செய்தது என்ன? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரக் கம்பியை மீட்டினால் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் மெல்ல எழும். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. ஒரு கம்பி அதிரும்போது அடிப்படைச் சுருதியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேல் அதிர்வுகளும் கூடவே கிளம்புகின்றன. எது எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரே ஸ்வரம் வயலினில் ஒரு மாதிரியும் புல்லாங்குழலில் ஒரு மாதிரியும் கேட்கிறது. இந்த உள்ளடுக்கையே இசையின் கச்சாப்பொருளாக எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

1982-ல் சாரியாஹோ பாரிஸுக்கு, பியர் பூலெஸ் தொடங்கிய இர்காம் என்ற ஒலி ஆய்வு நிலையத்துக்கு வந்தார். முதல் ஆண்டிலேயே 'வேர் லெ ப்ளான்' என்று ஒரு படைப்பு. கம்ப்யூட்டர் உருவாக்கிய மூன்று குரல்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு சுரக்கூட்டு, பதினைந்து நிமிடத்தில் இன்னொரு சுரக்கூட்டாக மாறுகிறது. அவ்வளவுதான் நிகழ்ச்சி. நகர்வு அத்தனை மெதுவானது என்பதால் எந்த நொடியிலும் மாற்றம் காதுக்குப் பிடிபடாது. ஆனால் முடியும்போது வேறெங்கோ வந்து சேர்ந்திருப்போம். மூச்சு விட வேண்டிய எந்த மனிதக் குரலாலும் இது ஆகாது. கம்ப்யூட்டர் எதற்குத் தேவை என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது 1986-ல் அவர் எழுதிய 'லிக்ட்போகன்'. செல்லோக்காரர் கம்பியை லேசாகத் தொட்டு, விசில் போன்ற ஒரு தூய ஒலியை எழுப்புகிறார். பிறகு அழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றுகிறார். ஒலி கரகரக்கிறது, பிளக்கிறது, ஒரே கம்பியிலிருந்து பல சுருதிகள் சேர்ந்து கிளம்புகின்றன. நாமாக இருந்தால் பிசகு என்று சொல்லி வில்லைக் கீழே வைத்துவிடுவோம். சாரியாஹோ அந்த மாற்றத்தைக் கம்ப்யூட்டரில் அலசி, உள்ளே என்னென்ன அதிர்வுகள் என்று கண்டுபிடித்து, அவற்றையே ஒன்பது கலைஞர்களுக்கான சுரக்கூட்டுகளாக எழுதினார். வடதுருவப் பகுதியின் வானத்து ஒளியைப் பார்த்த அனுபவமும் அந்தப் படைப்பில் சேர்ந்திருக்கிறது.

இங்கேதான் அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு இருக்கிறது. மேற்கத்திய இசையில் பதற்றமும் தணிவும் இசைவான, இசைவில்லாத சுரச் சேர்க்கைகளிலிருந்து வந்தன. சாரியாஹோ அந்த வேலையைத் தெளிந்த ஒலிக்கும் இரைச்சலுக்கும் கொடுத்தார். வில், கம்பிகளைத் தாங்கும் குதிரைக்கு அருகே போய்க் கரகரத்தால் பதற்றம். தெளிந்த ஸ்வரத்துக்குத் திரும்பினால் நிம்மதி. இதற்கு ஸ்பீக்கர் வேண்டியதில்லை. கம்ப்யூட்டரிடம் கற்றதை வாத்தியத்தின் கையிலேயே கொடுத்துவிட்டார். 2002-ல் எழுதிய 'ஓரியன்' முழுக்க ஆர்கெஸ்ட்ரா மட்டுமே. ஆனாலும் அதை எழுதிய காது இர்காமில் பழகியது என்பது கேட்டவுடன் தெரியும். அவருடைய மின்னணு இசையை ஒரு கட்டம், மற்றதை இன்னொரு கட்டம் என்று பிரித்து எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

புகழ் ஓபராவில் வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞன் ஜோஃப்ரே ருடெல், தான் பார்த்தேயிராத திரிபோலி சீமாட்டியைக் காதலித்த கதைக்கு லெபனானில் பிறந்த எழுத்தாளர் அமின் மாலூஃப் வரிகள் எழுத, 'லாமூர் த லுவேன்' 2000-ல் சால்ஸ்பர்க்கில் அரங்கேறியது. 2016-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அதை மேடையேற்றியது. அதற்கு முன் அந்த அரங்கில் ஒரு பெண் எழுதிய ஓபரா நடந்தது 1903-ல். எதெல் ஸ்மித் எழுதியது. நடுவே நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள். பெருமைப்படுவதைவிடக் கோபப்படவே இதில் அதிகம் இருக்கிறது. 2021-ல் வந்த கடைசி ஓபரா 'இன்னொசன்ஸ்', ஒரு பள்ளிக்கூடத் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் மிச்சமிருப்பவர்களைப் பற்றியது.

2023 ஜூன் 2-ம் தேதி பாரிஸில் காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஹெல்சிங்கி இசை மையத்தில் ஒரு பெரிய குழாய் ஆர்கன் அமைக்கப் பத்து லட்சம் யூரோ கொடுத்திருந்தார். இளமையில் ஆர்கன் கற்றவர் அவர். ஸ்பீக்கரையும் குழாயையும் அவர் பகையாகப் பார்த்ததே இல்லை.

கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஓபராவில் தொடங்க வேண்டாம். 1992-ல் வந்த 'நோவாநோவா'வை எடுங்கள், பத்து நிமிடம்தான். ஒரே ஒரு புல்லாங்குழல். வாசிப்பவர் குழலுக்குள்ளேயே சொற்களைக் கிசுகிசுப்பார். காலடியில் இருக்கும் பெடலை மிதித்து, முன்பே பதிவு செய்த ஒலிகளை வேண்டிய இடத்தில் எழுப்புவார். எது குழல், எது மின்னணு என்று முதல் தடவையிலேயே பிரிக்கப் பார்க்காதீர்கள். மூச்சு எங்கே ஸ்வரமாகிறது, எங்கே சொல்லாகிறது என்று மட்டும் கவனியுங்கள். பிடித்துவிட்டால் அடுத்தது 'லிக்ட்போகன்'.