கத்தியைக் காட்டினால் கொடுத்துவிடுங்கள். புகாரை மட்டும் விட்டுவிடாதீர்கள்

2022 அக்டோபர் 6, இரவு பத்தரை மணி. சிட்னியின் லேன் கோவ் பகுதியில் பசிபிக் நெடுஞ்சாலை ஓரமாக 28 வயது இளைஞர் ஒருவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். சென்னை ஐஐடியில் படித்தவர். உதவித்தொகையோடு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்வதற்காக ஆஸ்திரேலியா போய் ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. வழிமறித்த ஒருவன் பணம் கேட்டு மிரட்டினான். இவர் மறுத்தார். முகம், மார்பு, வயிறு என்று பல இடங்களில் கத்திக்குத்து விழுந்தது. தட்டுத்தடுமாறி அருகிலிருந்த வீட்டுக்குப் போய் உதவி கேட்டதால் பிழைத்தார். 27 வயது ஆள் ஒருவன் கைதானான். ஆக்ராவில் இருந்த பெற்றோரோ, மகன் பக்கத்தில் போய் நிற்க விசா கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே நாட்டில் 2010 ஜனவரி 2 அன்று நடந்தது இதைவிடக் கொடுமை. மெல்போர்னின் யாராவில் பகுதியில் உணவகத்து இரவுப் பணிக்காகப் பூங்கா வழியே நடந்து போன 21 வயது பஞ்சாபிப் பட்டதாரி குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவனுக்கு அப்போது 15 வயது. அவன் குறிவைத்தது அவருடைய கைபேசியை என்பது வழக்கில் தெரியவந்தது. ஒரு கைபேசிக்காக ஒரு உயிர்.

இவை எங்கோ யாருக்கோ நடந்தவை என்று அரக்கோணத்தில் இருந்துகொண்டு நாம் சொல்ல முடியாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடுவதிலும் ஷூ தைப்பதிலும் கைதேர்ந்தவர்கள் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எத்தியோப்பியாவின் தோல் தொழில் நிறுவனத்துடன் சேர்ந்து பணியாற்றிய காலத்திலிருந்து ஆப்பிரிக்காவும் நம் ஆட்களுக்குப் பழகிய பெயர்தான். வேலூர் சிஎம்சியில் பயின்ற நர்ஸுகள் லண்டனிலும் டப்ளினிலும் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். வளைகுடாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படிப் போகிறவர்களுக்கு இட்லிப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கிறோம். நடுத்தெருவில் ஒருவன் கத்தியை நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். வாதம் வேண்டாம், வீரம் வேண்டாம். கை இரண்டும் அவன் கண்ணில் படும்படி இருக்கட்டும். போன் உள்பையில் இருந்தால் சட்டென்று கையை விடாதீர்கள். "உள்ளே இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். நீங்கள் ஆயுதம் எடுப்பதாக அவன் நினைத்துவிட்டால் காரியம் கெட்டுவிடும். அவனும் பயத்தில்தான் இருப்பான், பல நேரம் போதையிலும் இருப்பான். முறைத்துப் பார்க்காதீர்கள். ஆனால் அவன் போட்டிருக்கும் ஷூ, கையில் பச்சை குத்தியிருந்தால் அது, பேச்சு, ஓடிய திசை, வண்டி எண் ஆகியவற்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவான், ஷூவை அவ்வளவு எளிதில் மாற்றமாட்டான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பொருளை வாங்கிக்கொண்டு போகாமல் உங்களை வண்டியில் ஏற்றவோ வேறு இடத்துக்கு இழுத்துப் போகவோ பார்த்தால், சத்தம் போட்டு, முடிந்த வழியில் எல்லாம் தப்பப் பாருங்கள். அப்போது அவன் குறி உங்கள் பணம் அல்ல, நீங்கள்.

வளைகுடாவில் கத்தி தெரியாமலேயே கொள்ளை நடக்கும். சம்பள நாளில் எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் அனுப்பப் போகிறவரை இரண்டு பேர் மறித்து, "நாங்கள் சிஐடி, பர்ஸை எடு, இக்காமாவை (குடியிருப்பு அட்டையை)க் காட்டு" என்பார்கள். விவரம் தெரியாதவர் மொத்தத்தையும் நீட்டிவிடுவார். உண்மையான போலீஸ்காரரிடம் அடையாள அட்டை இருக்கும். அதைக் காட்டச் சொல்லலாம், பக்கத்துக் கடைக்குள் நின்று பேசலாம் என்று கேட்கலாம். எக்ஸ்சேஞ்சுக்குத் தனியாகப் போகாமல் கேம்ப்பில் இருந்து இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவதே நல்லது. பெண்களுக்கு இன்னொரு வார்த்தை: தாலிச் சங்கிலி ஐந்து பவுன், பத்துப் பவுன் என்று கழுத்தில் தொங்கினால், தெற்காசியக் குடும்பங்களிடம் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே அலைகிற திருடர்கள் பிரிட்டன் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள். மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு தங்கத்தை ஊரில் லாக்கரில் வைத்துவிட்டுப் போவதில் எந்தக் குறையும் இல்லை.

தற்காப்புக்கு மிளகாய்ப் பொடி ஸ்பிரே, சின்னக் கத்தி என்று பெட்டியில் போட்டு அனுப்புகிற பெற்றோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பிரிட்டனில் பெப்பர் ஸ்பிரே வைத்திருப்பதே ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களிலும் தடை. கனடாவில் மனிதர்கள் மேல் அடிக்கவென்று செய்த ஸ்பிரே தடைசெய்யப்பட்ட ஆயுதம். நம் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை இருக்கிறது. அது அந்த ஊர் நீதிமன்றத்தில் செல்லாது, அங்கே அந்த நாட்டுச் சட்டம்தான் பேசும். அதேபோல், ஓடுகிற திருடனை நாலு பேராகத் துரத்திப் பிடித்துத் தர்ம அடி கொடுக்கும் வழக்கத்தையும் விமானம் ஏறும் முன்பே விட்டுவிட வேண்டும். ஆபத்து நீங்கிய பிறகு அடிக்கிற அடி தற்காப்பு ஆகாது. திருடன் ஆஸ்பத்திரிக்குப் போவான், நீங்கள் லாக்கப்புக்குப் போவீர்கள். அப்படி ஒருவேளை போலீஸ் உங்களைப் பிடித்துவிட்டால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு தரும் உரிமை அது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி, நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம். பொருள் போயிற்று, உயிர் தப்பியது என்று அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். புகார் கொடுப்பதில்லை. விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். மாணவராக இருந்தால் அனுமதித்த நேரத்துக்கு மேல் வேலை பார்த்தது தெரிந்துவிடுமோ என்ற பயம். பிரிட்டனில் படிப்புக் காலத்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு உண்டு. ஊரில் அம்மாவுக்குத் தெரிந்தால் உடனே திரும்பி வரச் சொல்லிவிடுவாள் என்கிற தயக்கம் வேறு. இந்த மௌனம் எனக்குத் திருட்டைவிடப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. ஏனென்றால் இழப்பீடு, காப்பீடு, புது பாஸ்போர்ட், வங்கிப் பணம் என்று பின்னால் கிடைக்கக்கூடிய ஒவ்வொன்றும் போலீஸ் புகார் எண்ணில்தான் தொடங்குகிறது. திருடப்பட்டவர் குற்றவாளி அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012-ஆம் ஆண்டுப் பாதிக்கப்பட்டோர் உரிமை விதிமுறை, ஒருவரின் குடியிருப்பு நிலை எதுவானாலும் இந்த உரிமைகள் பொருந்தும் என்று சொல்கிறது. மொழி தெரியாதவர் தனக்குப் புரியும் மொழியில் புகார் சொல்லவோ அதற்கு உதவி பெறவோ அதில் வழி உண்டு. பாரிஸில் இருக்கும் நம்மவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது, தமிழும் கிடைக்கும்.

பெட்ரோல் பங்க், இரவுக் கடை, டாக்ஸி என்று வேலை பார்க்கிறவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆஸ்திரேலியக் குற்றவியல் நிறுவனம் 2005 முதல் 2009 வரையிலான தாக்குதல்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய மாணவர்கள் பார்க்கும் வேலையும் இரவுப் பயணமும் அவர்களைக் கொள்ளையர் கண்ணில் அதிகம் பட வைக்கின்றன என்று சுட்டிக்காட்டியது. கல்லாவில் நிற்கும்போது கொள்ளை நடந்தால், போன பணத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற முதலாளிகள் உண்டு. அந்த முதலாளி தமிழராகவும் இருக்கலாம். அவர் சொல்வதே சட்டம் என்று நம்பிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் இஷ்டத்துக்குப் பிடித்தம் செய்ய முடியாது. பிரிட்டனில் சில்லறைக் கடை ஊழியரிடம் கல்லாக் குறைவுக்காகப் பிடிப்பதற்கு ஒரு சம்பளத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு, அதற்கும் ஒப்பந்தத்தில் இடம் இருக்க வேண்டும். வேலை நேரத்தில் காயம்பட்டால் பணியிடக் காய இழப்பீடும் கேட்கலாம்.

அரசே தரும் இழப்பீடும் உண்டு என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. பிரிட்டனில் வன்முறைக் குற்றத்தில் காயமடைந்தவர், வழக்கமாக அங்கே வசிப்பவர் என்றால், இரண்டு ஆண்டுக்குள் குற்றக் காய இழப்பீட்டு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். போலீஸில் சொல்லியிருக்க வேண்டும் என்பது கட்டாயம். திருடுபோன பொருளுக்கு அங்கே காசு கிடையாது, உடம்புக்கும் மனதுக்கும் பட்ட காயத்துக்குத்தான். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களிலும் இதற்கெனத் திட்டங்கள் உள்ளன. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் இழப்பீட்டு நிதி இருக்கிறது. கடுமையான தாக்குதலுக்கு ஆளாகி, போலீஸ் விசாரணைக்கு ஒத்துழைத்தவர்கள் அங்கே யு விசாவுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 10,000 பேருக்கு மட்டும் என்பதால் வரிசை பல ஆண்டுகள் நீளும், ஆனாலும் வழி இருக்கிறது.

ஊரில் இருக்கும் குடும்பம் என்ன செய்யலாம்? செய்தி வந்ததும் பலர் ஓடுவது உள்ளூர் காவல் நிலையத்துக்கு. வெளிநாட்டில் வெளிநாட்டுக்காரன் செய்த குற்றத்தை அரக்கோணம் போலீஸ் விசாரிக்க முடியாது. அங்கே போய் நேரத்தை விடாதீர்கள். முதல் வேலை வங்கிக்குப் போன் போடுவது. திருடுபோன கைபேசியில் ஊர் சிம்மும் வங்கி ஆப்பும் இருக்கும், ஓடிபி அதற்குத்தான் போகும். கார்டையும் சிம்மையும் முடக்கச் சொல்லுங்கள். இந்தியக் கணக்கில் இருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். கைபேசியின் ஐஎம்இஐ எண்ணை *#06# அழுத்தி முன்கூட்டியே எடுத்து வீட்டில் எழுதி வைத்திருந்தால், அங்கே புகார் கொடுக்கும்போது பெரிய உதவி.

அடுத்தது தூதரகம். வெளியுறவு அமைச்சகம் 2015-இல் தொடங்கிய மதத் இணையதளத்தில் புகார் பதிவு செய்தால் அது சம்பந்தப்பட்ட தூதரகத்துக்குப் போகும், நிலையை நாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாஸ்போர்ட் போயிருந்தால் போலீஸ் புகார் நகலோடு விண்ணப்பிக்க வேண்டும். அவசரச் சான்றிதழ் என்று ஒன்று தருவார்கள், அது ஊர் திரும்ப ஒருவழிப் பயணத்துக்கு மட்டும்தான். வேலையில் தொடர வேண்டுமானால் புது பாஸ்போர்ட்தான் கேட்க வேண்டும். தெரியாமல் அவசரச் சான்றிதழுக்குச் சம்மதித்துவிட்டு வேலையை இழக்காதீர்கள். 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதியில் இருந்து, வசதியற்றவர் என்று தெரிந்தால், அவசர சிகிச்சை, தங்குமிடம், சட்ட உதவி, ஊர் திரும்ப டிக்கெட், இறந்துவிட்டால் உடலைக் கொண்டுவருவது வரை தூதரகம் செலவு செய்யலாம். கேட்டால்தான் கிடைக்கும், எழுதிக் கேளுங்கள். ஆனால் தூதரகம் திருடனைப் பிடிக்காது, அந்த நாட்டுப் போலீஸுக்கு உத்தரவிடவும் முடியாது.

2024 பிப்ரவரியில் சிகாகோவில் ஹைதராபாத் மாணவர் ஒருவரை வீட்டருகே துரத்தி அடித்துக் கைபேசியைப் பறித்தார்கள். முகமெல்லாம் ரத்தத்தோடு அவர் பேசிய வீடியோவை நாடே பார்த்தது. அவருடைய மனைவி கணவரிடம் போக உதவும்படி வெளியுறவு அமைச்சருக்கு எழுதினார். சிட்னி சம்பவத்திலும் குடும்பத்துக்கு இதே தவிப்புதான். வீட்டில் ஒருவருக்காவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் அந்த நேரத்தில் விசா கேட்கவாவது முடியும். பையன் மட்டும் பாஸ்போர்ட் எடுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். ஏஜென்ட் பணம் வாங்கிக்கொண்டு பாலிசி எண்ணைத் தராமல் விடுவது உண்டு, பாலிசி நகலைக் கையில் வாங்கிய பிறகே விமானம் ஏறுங்கள். எந்தக் காப்பீடாக இருந்தாலும் கொள்ளையர் தாக்குதலில் படும் காயம் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிவு செய்யலாம், காப்பீட்டுத் திட்டமும் அதில் உண்டு. வாரியத்தின் உதவி எண்கள்: இந்தியாவுக்குள் இருந்து கட்டணமில்லாமல் 1800 309 3793, வெளிநாட்டில் இருந்து +91 80 6900 9900. போகிற நாட்டின் அவசர எண்ணையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கா, கனடாவில் 911, ஐரோப்பிய ஒன்றியத்தில் 112, பிரிட்டன், அமீரகம், மலேசியா, சிங்கப்பூரில் 999, ஆஸ்திரேலியாவில் 000. இவற்றைக் கைபேசியில் மட்டும் வைக்காதீர்கள், அதைத்தான் முதலில் பறிப்பான். ஒரு காகிதத்தில் எழுதி, பாஸ்போர்ட் நகலோடு ஒரு பிரதியை அங்கே தங்கும் அறையிலும் ஒரு பிரதியை இங்கே வீட்டிலும் இன்றே வையுங்கள்.