குதித்தால் கணக்கு வரும், தெரியுமா?

“ஆடாம அசையாம உட்காரு!” வகுப்பறையில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த அதட்டல் இது. ஆனால் பிள்ளைகள் ஆடி அசைந்தால் பாடத்தில் கவனம் கூடுகிறது என்பதை ஆய்வுகள் எப்படியெல்லாம் காட்டியிருக்கின்றன, தெரியுமா?

★ 20 நிமிட நடைக்கே இவ்வளவு பலன்! அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர், 9 வயதை ஒட்டிய 20 பிள்ளைகளை ஒருநாள் சும்மா உட்காரவைத்தார்கள். இன்னொரு நாள் டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்கவைத்தார்கள். நடந்த நாளில் அதே பிள்ளைகள் கவனத் தேர்விலும் வாசிப்புத் தேர்விலும் கூடுதல் திறமை காட்டினார்கள். மூளையில் கவனத்தைக் காட்டும் மின் அலைகூட உயர்ந்திருந்தது! 2009-ல் வெளிவந்த ஆய்வு இது.

★ அவ்வளவு நேரம்கூட வேண்டாம்! கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் வகுத்த முறையில் 20 விநாடி துள்ளல், 10 விநாடி ஓய்வு. இப்படி 8 முறை. கூட்டிப் பாருங்கள், 4 நிமிடம்தான்! அதன்பிறகு நடந்த பாடத்தில் 2, 4-ஆம் வகுப்புப் பிள்ளைகள் நெளிவதும் பராக்குப் பார்ப்பதும் குறைந்துவிட்டன.

★ குதித்தே கணக்கு! நெதர்லாந்தில் இரண்டு நான்கு எத்தனை என்று கேட்டால், பிள்ளைகள் எட்டு முறை குதித்து விடை சொன்னார்கள். எழுத்துக்கு ஒரு குதியாகச் சொற்களையும் கற்றார்கள். சுமார் 500 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு. வாசிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும், குதித்தவர்கள் இரண்டே ஆண்டில் மற்றவர்களைவிட ஏறக்குறைய 4 மாதப் படிப்பு முன்னே போயிருந்தார்கள்!

★ பள்ளி உடுப்போடே ஓட்டம்! ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில், 2012-ல் தலைமையாசிரியை எலெய்ன் வைலி தன் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம் வெளியே ஓடவோ நடக்கவோ விட்டார். விளையாட்டு உடை தேவையில்லை, போட்டி இல்லை, பரிசு இல்லை. இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இப்படி ஓடுகின்றன!

★ பாடம் 45, இடைவேளை 15! பின்லாந்துப் பள்ளிகளில் இதுதான் வழக்கம். டென்மார்க் 2014-ல் கொண்டுவந்த பள்ளிச் சீர்திருத்தம், நாளொன்றுக்குச் சராசரியாக 45 நிமிட உடலசைவைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே வைத்தது!

★ இன்டர்வெல்லைப் பறிக்கக் கூடாது! தண்டனையாகவும் கூடாது, பாடம் முடிக்கவும் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2013-லேயே அறிவித்துவிட்டது. சேட்டை செய்கிற பிள்ளைக்குத்தானே அந்த ஓட்டம் அதிகம் தேவை!

ஆசிரியர்களே, இதற்குப் பெரிய மைதானம் வேண்டாம். பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்க இடமிருந்தால் போதும். வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் குதிக்கட்டும். பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்கியது போதும். இனி கணக்குப் பீரியடிலிருந்து 4 நிமிடத்தைக் குதிப்பதற்குக் கொடுத்துப் பாருங்கள்!